பிரான்சிஸ் வைட் எல்லிஸ்

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் (1777 - மார்ச் 1819) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை அதிகாரியாகப் பணியாற்றிய தமிழறிஞர் ஆவார். தமிழ்நாட்டில் இவர் எல்லிஸ் துரை என்றும் எல்லீசன் என்றும் அறியப்படுகிறார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கவுரை எழுதியவர். தென்னிந்திய மொழிகள் சமற்கிருதத்தினின்று பிறந்தவை அல்ல, அவை தனியொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816 ஆம் ஆண்டில் சான்றுகளுடன் அச்சில் வெளியிட்டவர். 1812 ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். இக்கல்லூரி தமிழில் சென்னைக் கல்விச் சங்கம் என வழங்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்ததோடு, அம்மொழிகளைக் கற்பிக்கக்கூடிய ஆசிரியர்களையும் பயிற்றுவித்தது இக்கல்லூரியின் சிறப்பாகும்.

இளமையும் பணியும்

எல்லிஸ் 1777 ஆம் ஆண்டில் பிறந்தார். 1796 ஆம் ஆண்டில் கம்பனியின் தொடக்கநிலைப் பதவியான எழுத்தர் பணியில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பின்னர் வருவாய் வாரியத்தில் படிப்படியாக உயர்ந்து 1802 இல் அதன் செயலாளரானார். 1806 இல் மசூலிப்பட்டினம் ஜில்லா நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1809 இல் சென்னை மாகாணத்தின் நிலச்சுங்க அதிகாரியாகவும், 1810 இல் சென்னை ஆட்சியராகவும் (கலெக்டர்) பொறுப்பேற்றார். இறக்கும்வரை ஆட்சியர் பதவியிலேயே இருந்தார்.

சென்னையில் இவர் தமிழையும் சமற்கிருதத்தையும் முறையாகக் கற்றார். மசூலிப்பட்டினத்தில் பணியாற்றிய காலத்தில் தெலுங்கு மொழியோடு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. இவருக்குத் தமிழ் கற்பித்தவர்களுள் ஒருவராக இராமச்சந்திரக் கவிராயரைத் தமிழ் மரபு குறிப்பிடுகிறது. 1803 இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மொழியறிஞர் ஜான் லேடன் இவருடைய நெருங்கிய நண்பர் ஆவார்.

கல்லூரியின் தேவை

1801 ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி முழுவதும் கம்பனியின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டது. செஞ்சி உள்ளிட்ட தென்னார்க்காட்டுப் பகுதியும் அவற்றுள் அடங்கும். இருபது வயதுகூட நிரம்பாத ஆங்கிலேய இளைஞர்கள் இப்பகுதிகளில் வரி தண்டவும் வழக்குகளைத் தீர்க்கவும் வேண்டியிருந்தது. ஊர்க் கணக்குகள், நில உரிமை ஆவணங்கள், குடிகளின் மனுக்கள் ஆகிய அனைத்தும் தமிழில் இருந்தன. நாட்டின் பழைய வரலாற்றை அறியவும் உள்ளூர் அறிஞர்களையே நாட வேண்டியிருந்தது. செஞ்சியைச் சேர்ந்த நாராயணப் பிள்ளை, ஆர்க்காட்டுப் பகுதியின் அதிகாரியாக இருந்த மெக்லியாட் கேட்டுக்கொண்டதன் பேரில், 1803 ஆம் ஆண்டில் கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் என்ற நூலைத் தமிழில் எழுதியது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இத்தகைய நூல்களையும் ஆவணங்களையும் தாமே படித்தறியத் தெரியாத அதிகாரி, இடையிலுள்ள துபாஷிகள் சொல்வதையே நம்ப வேண்டியவராக இருந்தார். அதன் விளைவு குடிமக்களின் நிலத்தின் மீதும் வழக்கின் மீதும் விழுந்தது.

கம்பனியின் இளம் அதிகாரிகளுக்காக 1800 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. இங்கிலாந்திலும் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி ஒன்று 1806 முதல் நடந்துவந்தது. ஆனால் இவ்விரண்டிலும் தென்னிந்திய மொழிகளுக்கு உரிய இடம் இல்லை. சென்னைக்கு வந்து சேர்ந்த இளைஞர்கள் தத்தம் விருப்பப்படி ஒரு முன்ஷியை அமர்த்திக்கொண்டு மொழி கற்றனர். கற்பிப்பவர்களுள் சிலர் ஆங்கிலம் அறிந்திருந்தனரே தவிர இலக்கணம் கற்றவர்கள் அல்லர். இலக்கணம் கற்ற புலவர்களோ, மொழியறியாத வயதுவந்த ஒருவருக்கு அதை எவ்வாறு சொல்லிக்கொடுப்பது என்பதில் பழக்கமில்லாதவர்கள்.

இதற்குக் காரணம் அக்காலக் கல்விமுறையில் இருந்தது. திண்ணைப் பள்ளியில் மாணவர் மணலில் எழுத்தை எழுதிப் பழகி, அரிச்சுவடியும் எண்சுவடியும் முடித்து, நிகண்டையும் இலக்கண நூற்பாக்களையும் மனப்பாடம் செய்தனர். பொருள் விளக்கம் பின்னரே வந்தது. தமிழைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைக்குப் பொருந்திய இம்முறை, சில ஆண்டுகளுக்குள் மனுவைப் படித்துத் தீர்ப்பு எழுதவேண்டிய அயல்நாட்டவருக்குப் பொருந்தவில்லை. எளிய உரைநடையில் அமைந்த இலக்கண நூலோ பயிற்சி நூலோ அச்சில் மிகக் குறைவாகவே இருந்தன.

சென்னையில் ஆசிரியர்களை உருவாக்கும் முயற்சி இதற்கு முன்பும் நடந்துள்ளது. எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர்களைக் கொண்டே இளைய மாணவர்களுக்கு எழுத்தறிவிக்கும் முறையைக் கையாண்டார். மணலில் எழுதும் வழக்கத்தை அவர் உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொண்டார். அம்முறை பின்னர் மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. எல்லிஸ் சென்னைக்கு வந்த 1796 ஆம் ஆண்டிலேயே பெல் தாயகம் திரும்பிவிட்டார். பெல்லின் நோக்கம் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தல் ஆகும். எல்லிஸ் எதிர்கொண்ட சிக்கல் வேறு. ஒரு மொழியின் இலக்கணத்தை நன்கு கற்று, அதைப் பிறர் விளங்கிக்கொள்ளுமாறு சொல்லக்கூடிய முழுநேர ஆசிரியர்கள் அவருக்குத் தேவைப்பட்டனர்.

கல்லூரியின் தோற்றமும் அமைப்பும்

இளம் அதிகாரிகளின் மொழிப்பயிற்சியை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் எல்லிஸ் முதன்மைப் பங்கு வகித்தார். கல்லூரி ஒன்றை அமைக்கும் திட்டம் அக்குழுவிடமிருந்து வந்தது. ஆளுநர் சர் ஜார்ஜ் பார்லோவின் காலத்தில் திட்டம் ஏற்கப்பட்டு, 1812 ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதனை நிர்வகித்த மேற்பார்வைக் குழுவில் எல்லிஸ் மூத்த உறுப்பினராக இருந்தார். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கல்லூரிச் சாலை இக்கல்லூரியின் பெயரால் அமைந்ததாகும்.

கல்கத்தாக் கல்லூரியில் மொழித்துறைகளுக்கு ஐரோப்பியப் பேராசிரியர்கள் தலைமை வகித்தனர். சென்னைக் கல்லூரியிலோ ஐரோப்பியப் பேராசிரியர்கள் எவரும் இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் இந்திய அறிஞர் ஒருவர் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அவருக்குக் கீழ் ஆசிரியர்கள் இருந்தனர். தமிழ், தெலுங்கு, கன்னடம், சமற்கிருதம் முதலிய மொழிகள் கற்பிக்கப்பட்டன. மேற்பார்வைக் குழுவினர் தேர்வுகளை நடத்தினர்.

கல்லூரியில் இருவகை மாணவர்கள் இருந்தனர். முதல் வகையினர் கம்பனியின் இளம் அதிகாரிகள். இரண்டாம் வகையினர் உதவித்தொகை பெற்றுப் பயின்ற உள்ளூர் மாணவர்கள். இவர்கள் தலைமை ஆசிரியர்களிடம் இலக்கணத்தை முறையாகக் கற்று, தேர்வில் தகுதி பெற்றபின் ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டனர். மற்றொரு பிரிவினர் இந்து, இசுலாமியச் சட்டங்களைப் பயின்று நீதிமன்றப் பணிகளுக்குச் சென்றனர். தலைமை ஆசிரியர் ஆசிரியருக்குக் கற்பிக்க, ஆசிரியர் அதிகாரிக்குக் கற்பித்தார் எனச் சுருக்கமாகக் கூறலாம். மொழியைப் பேசத் தெரிந்திருப்பது அதனைக் கற்பிக்கப் போதுமான தகுதி ஆகாது என்ற கருத்தே இவ்வமைப்பின் அடிப்படை.

கல்லூரியின் அறிஞர்கள்

தமிழ்ப் பிரிவில் சிதம்பரப் பண்டாரம், தாண்டவராய முதலியார், முத்துசாமிப் பிள்ளை, புதுவை நயனப்ப முதலியார் முதலியோர் பணியாற்றினர். வேதம் பட்டாபிராம சாஸ்திரி, உதயகிரி வேங்கடநாராயணா முதலியோர் சமற்கிருதம், தெலுங்கு ஆகியவற்றில் புலமை பெற்றவர்கள். எல்லிசின் சிரஸ்ததாராகப் பணியாற்றிய சங்கரய்யாவும் அவருடைய ஆய்வுகளில் பெரிதும் துணைநின்றார்.

புதுச்சேரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளையை, வீரமாமுனிவர் எழுதிய நூல்களின் ஏடுகளைத் தேடித் தொகுத்துவருமாறு எல்லிஸ் 1816 ஆம் ஆண்டில் அனுப்பிவைத்தார். அத்தேடலின் பயனாக முத்துசாமிப் பிள்ளை பின்னர் வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதினார்.

பாடநூல்களும் அச்சகமும்

ஆசிரியரைப் பயிற்றுவிப்பதற்கு அவர் கையில் கொடுக்க நூல்கள் வேண்டும். கல்லூரி தனக்கென ஓர் அச்சகத்தை வைத்திருந்தது. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1813 ஆம் ஆண்டில் அங்கு அச்சிடப்பட்டது. பேச்சுத்தமிழின் இலக்கணத்தைக் கூறும் இந்நூல் 1738 இல் தரங்கம்பாடியில் முதன்முதல் அச்சானது. ஏ. டி. காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816 இல் வெளிவந்தது. வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 1822 இல் அச்சானது.

தாண்டவராய முதலியாரின் இலக்கண வினாவிடை 1820 இல் வெளிவந்தது. நூற்பாக்களாக இருந்த இலக்கணச் செய்திகளை உரைநடையில் வினாவும் விடையுமாகப் பிரித்துக் கூறும் நூல் இதுவாகும். மாணவர் எதைக் கேட்பார், அதற்கு ஆசிரியர் எவ்வாறு விடையளிக்க வேண்டும் என்பதை இவ்வடிவம் முன்கூட்டியே வகுத்துத் தருகிறது. கற்பவருக்கு மட்டுமன்றிக் கற்பிப்பவருக்கும் இது வழிகாட்டி ஆகும். வீரமாமுனிவரின் சதுரகராதி 1824 ஆம் ஆண்டில் முழுமையாக அச்சானது. தாண்டவராய முதலியார் தமிழ் உரைநடையில் மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826 இல் வெளியானது. அதிகாரிகளின் வாசிப்புப் பயிற்சிக்குப் பயன்பட்ட இக்கதைநூல், பிற்காலத்தில் தமிழ்ப் பள்ளி மாணவர்களின் பாடநூலாகவும் நெடுங்காலம் நிலைத்தது. மேற்கூறிய நூல்களுள் 1820 ஆம் ஆண்டும் அதற்குப் பின்னும் வெளிவந்தவற்றை எல்லிஸ் அச்சில் பார்க்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

திராவிட மொழிக்குடும்பம்

காம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எல்லிஸ் எழுதிய முன்னுரைக் குறிப்பு மொழியியல் வரலாற்றில் முக்கியமானது. தெலுங்கு சமற்கிருதத்தினின்று பிறந்தது என்று வில்லியம் கேரி உள்ளிட்ட கல்கத்தா அறிஞர்கள் கருதியிருந்தனர். எல்லிஸ் சமற்கிருத வேர்ச்சொற்களையும் தெலுங்கு வேர்ச்சொற்களையும் அருகருகே பட்டியலிட்டு அவை வெவ்வேறானவை என்று காட்டினார். பின்னர் தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு அவற்றின் உறவை நிறுவினார். மலையாளம், துளு, குடகு ஆகியவற்றையும் வட இந்தியாவின் ராஜமகால் மலைமக்களின் மொழியையும் இக்குடும்பத்தோடு தொடர்புபடுத்தினார்.

இம்முடிவு கல்லூரியின் கற்பித்தல் பணியோடு பிணைந்தே உருவானது. சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசியம் எனப் பிரிக்கும் முறை உள்ளூர் இலக்கண மரபில் ஏற்கனவே இருந்தது. பட்டாபிராம சாஸ்திரி தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்திருந்தார். வெவ்வேறு மொழிகளின் ஆசிரியர்கள் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் அவற்றை ஒப்பிட முடிந்தது. மொழிகள் ஒரு குடும்பம் எனில், ஒன்றைக் கற்றவர் மற்றொன்றை எளிதில் கற்கலாம் என்பது பாடத்திட்டத்திற்கும் பயனுள்ள செய்தியாகும். ராபர்ட் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இதற்கு 40 ஆண்டுகளுக்குப் பின்னர், 1856 இல், வெளிவந்தது.

பிற பணிகள்

நில உரிமை முறையான மிராசு குறித்து அரசு எழுப்பிய 17 வினாக்களுக்கு எல்லிஸ் எழுதிய விரிவான விடைகள் 1818 ஆம் ஆண்டில் அச்சாயின. தொண்டைமண்டலத்தின் நில உரிமைகளைக் கல்வெட்டு, இலக்கியச் சான்றுகளோடு ஆராயும் நூல் இது.

அம்மை குத்திக்கொள்வதற்கு மக்கள் தயங்கிய காலத்தில், அதன் நன்மையை எடுத்துரைக்கும் கதை ஒன்றைத் தமிழில் எழுதினார். தெய்வ மருத்துவர் தன்வந்திரிக்கும் சக்திக்கும் இடையே நடக்கும் உரையாடலாக அது அமைந்தது. கேட்பவருக்குப் பழக்கமான வடிவிலேயே புதிய செய்தியைச் சொல்லவேண்டும் என்ற இவருடைய அணுகுமுறையை இதிலும் காணலாம்.

1818 ஆம் ஆண்டில் சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் ஏற்பட்டபோது எல்லிஸ் 27 கிணறுகளை வெட்டுவித்தார். இராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயிலில் இச்செய்தியைக் கூறும் தமிழ்ப்பாடல் கல்வெட்டு அமைக்கப்பட்டது. அதில் குறள் ஒன்றும் இடம்பெற்றுள்ளது. திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு ஒன்று எல்லிசின் முயற்சியால் சென்னையில் அச்சடிக்கப்பட்டது என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார்.

திருக்குறளில் 120 குறட்பாக்களுக்கு எல்லிஸ் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதினார். ஒவ்வொரு குறளின் விளக்கத்திலும் பிற தமிழ் நூல்களிலிருந்து ஒப்புமைப் பகுதிகளைச் சேர்த்தார். அப்பணி முற்றுப்பெறவில்லை. ரா. பி. சேதுப்பிள்ளை பதிப்பித்த இந்நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1955 இல் வெளியிட்டது.

மறைவும் ஏடுகளின் அழிவும்

நாற்பது வயது நிறையும் முன்னர் தமது ஆய்வுகளை நூலாக வெளியிடுவதில்லை என்று எல்லிஸ் முடிவு செய்திருந்தார். முழுமையான புலமை பெற்றபின் எழுதவேண்டும் என்பது அவர் எண்ணம். நாற்பதைக் கடந்தபின் ஆய்வின் பொருட்டுத் தென்மாவட்டங்களுக்குப் பயணம் மேற்கொண்டார். 1819 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இராமநாதபுரத்தில் திடீரென இறந்தார். பழைய ஆங்கில வாழ்க்கை வரலாற்று அகராதி, அவர் வாந்திபேதியால் இறந்ததாகக் கூறுகிறது. ஆவணங்களைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், மருந்து என்று தவறுதலாக நச்சுப்பொருளை உட்கொண்டதே காரணம் என்று கண்டனர். அவருடைய உடல் திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பட்டது. இராமநாதபுரத்தில் அவர் நினைவாகத் தமிழில் எழுதப்பட்ட கல் ஒன்றும் உண்டு.

எல்லிஸ் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளுள் பெரும்பகுதி அழிந்துபோனது. அவை மதுரையில் பல மாதங்கள் அதிகாரியின் சமையலறையில் அடுப்பு மூட்டப் பயன்பட்டன என்று வால்டர் எலியட் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். எஞ்சிய தாள்களில் ஒரு பகுதியை எலியட் பெற்று ஜி. யு. போப்பிடம் அளித்தார். போப் அவற்றை ஆக்ஸ்போர்டிலுள்ள போட்லியன் நூலகத்தில் சேர்த்தார். அமெரிக்க வரலாற்றறிஞர் தாமஸ் டிரவுட்மன் இத்தாள்களையும் பிற ஆவணங்களையும் ஆராய்ந்து 2006 ஆம் ஆண்டில் எல்லிசையும் சென்னைக் கல்லூரியையும் பற்றி விரிவான நூலை வெளியிட்டார்.

கல்லூரியின் தாக்கம்

எல்லிசின் ஏடுகள் எரிந்தபோதும் அவர் உருவாக்க உதவிய ஆசிரியர் மரபு தொடர்ந்தது. கல்லூரி அவருக்குப்பின் 35 ஆண்டுகள், 1854 வரை, செயல்பட்டது. கல்லூரியோடு தொடர்புடைய புலவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் நூல்களை அச்சேற்றும் பணியில் முன்னின்றனர். ஆசிரியர்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் எழுதப்பட்ட வினாவிடை இலக்கணம், உரைநடைக் கதை, அகராதி ஆகிய நூல்வகைகள் பள்ளிகளுக்கும் சென்றன. கல்லூரி சேகரித்த சுவடிகள், மெக்கன்சி, பிரவுன் ஆகியோரின் சேகரிப்புகளோடு சேர்ந்து, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திற்கு அடித்தளமாயின.

பொதுமக்களின் பள்ளிகளுக்கு ஆசிரியரைப் பயிற்றும் திட்டத்தை ஆளுநர் தாமஸ் மன்றோ 1826 இல் முன்வைத்தார். அவருடைய கணக்கின்படி அப்போது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அடுத்த ஆண்டிலேயே மன்றோ இறந்ததால் அத்திட்டம் தளர்ந்தது. 1856 இல் சென்னையில் தொடங்கிய அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது.

எல்லிசின் கல்லூரி கம்பனி ஆட்சியின் தேவைக்காகவே தோன்றியது. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. அதில் பணிபுரிந்த ஆசிரியர்களுள் பலரின் வாழ்க்கைக் குறிப்புகளும் இன்று கிடைப்பதில்லை. எனினும், மொழியாசிரியர் பிறப்பதில்லை, அவரைப் பயிற்சியால் உருவாக்க வேண்டும் என்பதையும், அப்பயிற்சியைத் தருவதற்கு உரியவர்கள் அம்மொழியின் அறிஞர்களே என்பதையும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நிறுவனமாகவே செயல்படுத்திக் காட்டியவர் என்ற வகையில் எல்லிஸ் தமிழ்க் கல்வி வரலாற்றில் இடம்பெறுகிறார்.